கையெழுத்தும் உள்ளத் திருத்தமும்

“கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழி. பள்ளிப் பருவத்தில் இதனைக் கேளாதார் நம்மில் மிகச் சிலரே. கிறுக்கி எழுதும் மாணவர்க்கு இஃது ஓர் ஆறுதல். அழகாக எழுதும் மாணவர்க்கு இஃது ஓர் அச்சம். இம்மொழி எங்ஙனம் பிறந்திருத்தல் கூடும் என எண்ணிப் பார்ப்பின் ஒன்று தோன்றுகிறது. அச்சுப்பொறியும் தட்டச்சுப்பொறியும் பரவாத காலத்தே அழகிய கையெழுத்துடையார் பலர் பிறர் சொல்வதை எழுதிக் கொடுக்கும் எழுத்தராகவும், ஏடு பெயர்த்தெழுதுவோராகவும், கச்சேரிக் குமாஸ்தாக்களாகவும் அமர்ந்தனர். அவர் கை ஓயாது உழைத்தது, ஊதியமோ சிறிது, எழுதிய சொற்களோ பிறருடையன. ஆகவே நல்ல கையெழுத்து வறுமைக்கு அறிகுறிபோற் காணப்பட்டது வியப்பன்று.

ஆயின் குறை கையெழுத்தின்பால் இல்லை. அக்கை பிறர்க்கே முற்றும் உழைத்துத் தனக்கென ஒருபொழுதும் உழையாமையே குறை. அதே கை, நாளில் அரைமணி நேரமேனும் தன் உள்ளத்தின் பொருட்டு எழுதுமாயின், அவ்வெழுத்து எழுதுவோனைத் திருத்தும் கருவியாகும். இதனை விளக்குதலும், அப்பயிற்சியைத் தொடங்கும் முறையைக் கூறுதலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், கையெழுத்து வேறு, எழுத்தழகுக் கலை வேறு என்பதனை உணர்தல் வேண்டும். கையெழுத்து விரைவை நாடுவது. வகுப்பிற் குறிப்பெடுக்கவும் தேர்வில் விடையெழுதவும் பயன்படுவது. எழுத்தழகுக் கலையோ ஒவ்வோர் எழுத்தையும் ஓர் உருவமாகக் கருதி, அதன் கோடும் வளைவும் இடைவெளியும் ஒத்திசையுமாறு அமைப்பது. முன்னது பேச்சுப் போன்றது; பின்னது இசை போன்றது. இசை பயில்வோர்க்குப் பேச்சும் தெளிவடைதல் போல, இக்கலை பயில்வோர்க்கு நாள்தோறும் எழுதும் எழுத்தும் தெளிவடையும்.

நம் தமிழெழுத்தின் வரலாறே கைக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பை நன்கு காட்டும். பனையோலையில் எழுதுவோர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, அக்கையின் பெருவிரலால் எழுத்தாணியைத் தாங்கி, எழுத்தைக் கீறுவர். பின்னர் விளக்குக்கரியும் பச்சிலைச் சாறும் பூசித் துடைப்பின் கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்து விளங்கித் தோன்றும். கூரிய ஆணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்னும் அச்சத்தால் ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர் என்பர் அறிஞர். மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அப்புள்ளி ஏட்டில் மறையவே, மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோலாயின. குறிலும் நெடிலும் ஒன்றுபோலாயின. காலும் ரகரமும்கூட ஒரே வடிவாய் நின்றன. எனவே ஏட்டில் ஒரு கொம்பும், ஒரு ககரமும், ஒரு காலும், ஒரு லகரமும் காணப்படின், அதனைக் ‘கொல்’ என்பதோ, ‘கோல்’ என்பதோ, ‘கொல’ என்பதோ, ‘கெரல்’ என்பதோ என இடம் நோக்கியே துணிதல் வேண்டும். சீவகசிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் பட்ட பாட்டில் ஒரு பெரும் பகுதி இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதிலேயே கழிந்தது. எழுத்து என்பது வெறும் அணியன்று, பொருளைக் காக்கும் வேலி என்பது இதனால் விளங்கும்.

இத்தாலிய நாட்டிலிருந்து வந்து தமிழ்த்தொண்டு செய்த வீரமாமுனிவர் (1680–1747) இக்குறையைக் கண்டு, ஏகாரத்தையும் ஓகாரத்தையும் குறிலினின்று பிரித்துக் காட்டும் வடிவங்களை வகுத்தார். இன்று நாம் எழுதும் சுழித்த கொம்பு அவர் திருத்தத்தின் பயன். அவர்க்கு முன்னரே, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்தைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவுற்றது. அச்செழுத்தால் அத்தொண்டு பரவியது. ஆயினும் அது தொடங்கியது மணலிற் பதிந்த விரலில் என்பதனை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தே, பெரியார் ஈ. வெ. இராமசாமியவர்கள் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவித் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியமைத்தது. நம் பாட்டன்மாரின் கடிதங்களைப் படிக்கும்பொழுது துதிக்கை வளைந்தாற்போன்ற லையும் ளையும் காண்கின்றோம் அல்லவா? அவை அம்மாற்றத்திற்கு முந்திய வடிவங்கள்.

ஓலையின் நிலை இவ்வாறாக, கல்லின் நிலை வேறு. கல்லில் ஒருமுறை உளி பாய்ந்தால் அழித்தெழுதல் இயலாது. அந்த அச்சமே கல்வெட்டு எழுத்திற்கு நிதானத்தை அளித்தது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தே 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளைக் காண்போர், ஆயிரம் ஆண்டு கழிந்தும் வரிகள் நேர்மை குன்றாது நிற்றலைக் காண்பர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவனுடைய விருதுப் பெயர்கள் சிற்றாலயங்கள்தோறும் பலவகை எழுத்து நடைகளில் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சில கொடியும் பூவும்போல் அணி செய்யப்பட்டவை. படித்துப் பொருள் அறிதற்கு ஒரு நடையே போதும். கண் மகிழ்தற் பொருட்டே ஏனைய நடைகள் வேண்டப்பட்டன. எழுத்தைக் கலையாக மதித்த நாடு நம்முடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மேல்நாட்டிலும் இக்கலை மறைந்து மீண்டும் தழைத்த கதை அறியத்தக்கது. இடைக்காலத்துத் துறவிகள் மடங்களில் அமர்ந்து திருமறையைப் பெயர்த்தெழுதினர், ஏறத்தாழக் கி.பி. 800-இல் எழுதப்பெற்ற கெல்ஸ் சுவடி இன்றும் டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியில் உளது. அச்சு வந்தபின் பட்டைமுனைப் பேனாவால் எழுதும் அம்முறை வழக்கொழிந்தது. உடல்நலக் குறைவால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட எட்வர்டு ஜான்ஸ்டன் (1872–1944) என்னும் இளைஞர், பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்நாளில் இருந்த பழஞ்சுவடிகளை உற்றுநோக்கி, பேனாவின் முனை எவ்வாறு வெட்டப்பட்டிருத்தல் வேண்டும், எக்கோணத்திற் பிடிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பவற்றைத் தாமே கண்டறிந்தார். 1899 முதல் லண்டனில் அதனைக் கற்பித்தார். 1906-இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். 1916-இல் லண்டன் சுரங்க இருப்புப்பாதைக்கு எழுத்து வடிவம் அமைத்துத் தந்தார். ஒரு படிப்பு நின்றுபோயினும் கண்ணும் கையும் நின்றுபோகா என்பதற்கு அவர் வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டு. காந்தியடிகளும் தம் சுயசரிதையில், தம் கையெழுத்து நன்றாயிராமைக்கு வருந்தி, நல்ல கையெழுத்தில்லாக் கல்வி நிரம்பாக் கல்வியே எனவும், சிறுவர்க்கு எழுத்துக்கு முன் சித்திரம் கற்பித்தல் நன்று எனவும் கூறியுள்ளார்.

இனி, இக்கலை இன்று நமக்கு வேண்டுவதேன் என்பதைக் காண்போம். யான் வாழும் ஊர் மறைமலை நகர். சென்னைக்குத் தெற்கே பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி அமைந்த இத்துணைநகரம், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கி நிற்பது. அடிகள் நூல் திரட்டுதலையும் நாட்குறிப்பு எழுதுதலையும் வாழ்நாள் நோன்புகளாகக் கொண்டவர். ஆசிரியர் வேலை ஒருபுறம் இருக்க, எவரும் ஏவாது நாள்தோறும் தாமே செய்த அப்பணிகளும் அவரை உருவாக்கின எனலாம். அவர் பெயர் பூண்ட ஊரிலோ இன்று இயந்திரங்களே மிகுதி. இங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் மின்கருவிகளும் செய்யும் ஆலைகள் நிரம்பியுள்ளன. பல மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்த இளைஞர் சிறு அறைகளிற் பலராய்த் தங்கி, முறை மாற்றி இரவும் பகலும் உழைக்கின்றனர். ஒரு நாளில் ஒரே ஆணியை நூற்றுக்கணக்கான முறை முடுக்கும் கைக்கு, வேலை முடிந்தபின் எஞ்சுவது கைப்பேசித் திரையைத் தள்ளுதல் ஒன்றே. நம் மாணவர் நிலையும் இதனின் வேறன்று. நாம் குறிப்பை எழுதுவதை விடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றோம்.

எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் உளர். அவர் முன்னாளில் கடைப் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்தவர். பிளெக்ஸ் பலகைகள் வந்து அத்தொழில் நலிந்தபின், ஒரு கிடங்கில் இரவுக் காவல் புரிகின்றார். மாலை வேளையில் தெருப் பிள்ளைகள் தம் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுசெல்ல, அட்டையில் அவரவர் பெயரைத் தூரிகையால் எழுதித் தருகின்றார், காசு வாங்குவதில்லை. “இதற்குக் காசு வாங்கினால் இதுவும் வேலையாகிவிடும், தம்பி” என்று ஒருமுறை என்னிடம் கூறினார். தொழிலை இயந்திரம் கொண்டுபோயிற்று. கலையை அதனாற் கொண்டுபோக இயலவில்லை. அவர் தூரிகையைப் பற்றும்பொழுது அவருடைய முகத்தில் தோன்றும் அமைதியைக் கண்டே இப்பயிற்சியில் யான் நாட்டங்கொண்டேன்.

இனிப் பயிலும் முறையைக் கூறுவாம். வேண்டுங் கருவிகள் மிகச் சில: பட்டைமுனைப் பேனா ஒன்று, மை, தடித்த தாள், பென்சில், அளவுகோல். பேனா வாங்க இயலாதார் மூங்கிற் சிம்பு ஒன்றைக் கத்தியாற் சீவி, முனையைப் பட்டையாக வெட்டி, நடுவே சிறிது பிளந்து கொள்ளலாம். மையைத் தொட்டுத் தொட்டு எழுதுதற்கு அதுவே போதும். தாளில் முதலிற் பென்சிலால் மெல்லிய கோடுகள் இடுக. எழுத்தின் உயரம் பேனா முனையின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு இருப்பது தொடக்கத்திற்கு ஏற்றது. தமிழில் மேல்விலங்குகள் மேலேயும், உகர ஊகாரக் குறிகள் கீழேயும் நீளுமாதலால், வரிக்கும் வரிக்கும் இடையே எழுத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு வெளி விடுக.

பேனாவின் பட்டைமுனை வரியோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்றல் வேண்டும். அக்கோணம் மாறாதிருப்பின், நேர்க்கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் தாமே அமையும். வளைவுகளில் தடிப்பும் மெலிவும் ஒன்றினுள் ஒன்று கரையும். தடிப்பைக் கையின் அழுத்தத்தால் உண்டாக்க முயலற்க; அது பேனாவின் வேலை. கையின் வேலை கோணத்தைக் காப்பதொன்றே. பேனாவை இறுகப் பற்றாது, மூச்சைச் சீராக விட்டு, ஒவ்வொரு கோட்டையும் இடையில் நிறுத்தாது முடித்திடுக. நிறுத்திய இடத்தில் நடுக்கம் தெரியும்.

மெய்யெழுத்துகள் பதினெட்டையும் நெடுங்கணக்கு வரிசையிற் பயிலாது, உருவ ஒற்றுமை நோக்கி நான்கு குடும்பங்களாக வகுத்துப் பயில்வது எளிது. ட, ப, ம, ய, ழ என்பன நேர்க்கோட்டில் இறங்கிக் கிடைக்கோட்டில் திரும்புவன. டகரத்தை நன்கு எழுதினார்க்குப் பகரம் எளிது. பகரம் வந்தபின் ஏனையவும் எளிய. க, ச, த என்பன மேற்கோடும், குறுக்கே வெட்டும் கோடும் உடையன. ண, ன, ள, வ, ல என்பன சுழியில் தொடங்குவன. ங, ஞ, ந, ர, ற என்பன தனித்தனிப் போக்குடையன. கிழமைக்கு ஒரு குடும்பமாக நான்கு கிழமையில் இவற்றை முடித்து, அடுத்த இரு கிழமையில் உயிரெழுத்துகளையும், அதன்பின் இரு கிழமையில் கொம்பு, கால் முதலிய குறிகளையும் பயின்றால், இரண்டு திங்களில் எச்சொல்லையும் எழுதும் ஆற்றல் வாய்க்கும்.

எழுத்தைக் காட்டிலும் அரியது இடைவெளி. எழுத்துகளுக்கு இடையே அளவுகோலால் சம தூரம் வைப்பின் சொல் ஒழுங்காகத் தோன்றாது. டகரத்தின் வலப்பக்கம் மேலே திறந்திருத்தலின் அங்கே வெண்மை மிகும். ஆகவே அடுத்த எழுத்தைச் சற்று நெருக்கி எழுதுதல் வேண்டும். பகரமும் மகரமும் அடுத்து வரின் இரு நேர்க்கோடுகள் எதிர்ப்படுமாதலால் சற்று விலக்கி எழுதுதல் வேண்டும். இவ்வளவை எந்நூலும் முற்றக் கற்பிக்க இயலாது. கண்ணே பழகி அறிய வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஒவ்வொரு தாளிலும் தேதியிட்டுப் பாதுகாத்து, முதல் தாளையும் முப்பதாம் தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பின், தம் வளர்ச்சியைத் தாமே காணலாம்.

எழுத்துகள் கைவந்தபின், அவற்றைக்கொண்டு செய்யத்தக்க பணிகள் பல. தாம் விரும்பும் செய்யுட்களையும் திருமறைப் பகுதிகளையும் எழுதித் தனிச்சுவடி தொகுக்கலாம். பாட்டிமாரிடம் கேட்ட தாலாட்டு, ஒப்பாரி, கைமருந்து, சமையற்குறிப்பு முதலியவற்றை எழுதிவைக்கலாம்; இவற்றுட் பல அவர்களோடு மறைந்துபோவன. எழுதிய தாள்களை நூலால் தைத்து, அட்டையிட்டு, துணி ஒட்டிக் கட்டடம் செய்யப் பழகலாம். மாமல்லபுரத்திற்கும் உத்தரமேரூருக்கும் சென்று கல்வெட்டு எழுத்தைக் கண்ணாற் பார்த்துத் தாளில் வரைந்து வரலாம். முன்னாளில் மாணவர் விடுதிகளிலும் வாசகசாலைகளிலும் கையெழுத்துப் பத்திரிகைகள் நடைபெற்றன. ஒரே படி எழுதப்பெற்றுக் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பெற்றது. நம் விடுதியிலும் திங்களுக்கு ஒன்றாக அத்தகைய இதழ் ஒன்று தொடங்குவோமாயின், எழுதுவோர், வரைவோர், கட்டடம் செய்வோர் எனப் பலரும் ஒன்றுகூடுதற்கு அது வழியாகும்.

இவற்றால் விளையும் பயன் யாது? மிகைபடக் கூற விரும்புகிலேன். கையால் குறிப்பெழுதும் மாணவர் கருத்தை நன்கு உணர்வர் என 2014-இல் அமெரிக்க உளநூலார் இருவர் ஓர் ஆராய்ச்சியில் கண்டனர். பின்னர் நிகழ்ந்த சோதனைகள் அதனை அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை. ஆகவே இதனால் தேர்வில் மதிப்பெண் உயரும் என யான் உறுதி கூறேன். பயில்வோர் தம்முள்ளே காணத்தக்க பயன்கள் வேறு. முதலாவது, பொறுமை: விரைந்தால் கோடு கெடுமாதலின், விரையாமை தானே பழக்கமாகும். இரண்டாவது, கூர்ந்து நோக்குதல்: நூறுமுறை படித்த எழுத்தையும் புதிதாகக் காணும் கண் வாய்க்கும். மூன்றாவது, நூலோடு நெருக்கம்: ஒரு செய்யுளை அழகுற எழுதுவோன் ஒவ்வொரு சொல்லிலும் தங்கிச் செல்கின்றான், சீரும் தளையும் பொருளும் அவனை அறியாமலே அவன் நெஞ்சிற் படிகின்றன. நான்காவது, தன் செயலைத் தானே மதிப்பிடும் நேர்மை: தாளிலுள்ள குறையை எவர்மேலும் ஏற்றிக் கூற இயலாது.

“எமக்கு நேரம் இல்லை” என்பாரும், “எமக்குக் கைத்திறம் இல்லை” என்பாரும் உளர். நேரம் இல்லை என்பார் தம் கைப்பேசி காட்டும் அன்றாடக் கணக்கை ஒருமுறை பார்ப்பாராக. அரைமணி அங்கே ஒளிந்திருக்கும். கைத்திறம் பிறவியில் வருவதன்று. மணலில் விரல் வைத்த நாளில் நாம் அனைவரும் ஒரே நிலையில்தான் இருந்தோம். “கணினி இதனினும் அழகாக எழுதுமே” என்பார்க்கு விடை ஒன்று உண்டு. கணினி எழுதினால் தாள் அழகு பெறும். நாம் எழுதினால் தாளோடு நாமும் சிறிது திருந்துவோம்.

வருகின்ற விடுமுறையில் நண்பர் ஒவ்வொருவரும் ஒரு பேனாவும் பத்துத் தாளும் வாங்கி, டகரத்தில் தொடங்குவாராக. கல்லூரி திறக்கும் நாளில் அத்தாள்களைக் கொண்டுவரின், கையெழுத்து இதழின் முதல் ஏட்டிற்கு வேண்டுவன நம்மிடம் இருக்கும்.